கட்டற்ற மென்பொருளும் கட்டுப்பட்ட பயனரும்: கேரளப் பள்ளிக் கணினிகளை முன்வைத்து ஒரு வைரஸ் வரலாறு

2017 மே 15, திங்கட்கிழமை. வயநாடு மாவட்டத்தின் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும் பத்தனம்திட்டை மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் வார விடுமுறைக்குப் பின் இயக்கப்பட்ட கணினிகளில் சில, தம்மிடமிருந்த கோப்புகளைத் திறக்க மறுத்தன. 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் செலுத்தினால் கோப்புகள் மீளும் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. அடுத்த நாள் பாலக்காட்டு இரயில்வே கோட்ட அலுவலகத்திலும் இதே நிலை. முந்தைய வெள்ளிக்கிழமை பிரிட்டனின் பொது மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்த 'வானாக்ரை' என்னும் தீநிரல், மூன்று நாள்களில் கேரளத்தின் ஊராட்சிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதே மாநிலத்தில், அதே அரசின் பொறுப்பில், எண்ணிக்கையில் ஊராட்சிக் கணினிகளை விஞ்சிய மற்றொரு தொகுதியும் இருந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் உள்ள கணினிகள் அவை. திருவனந்தபுரம் பூஜப்புராவிலிருந்து இயங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டத்தின் கீழ் அவற்றில் லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. வானாக்ரை அவற்றைத் தொடவில்லை, தொட்டிருக்கவும் முடியாது.

இந்த வேறுபாட்டைச் சுட்டி, 'லினக்ஸில் வைரஸ் வராது' என்ற கூற்று அந்நாள்களில் வலுப்பெற்றது. இதற்கு எதிராக வைக்கப்படும் வாதமும் பழையதுதான்: லினக்ஸைப் பயன்படுத்துவோர் சிலர், தாக்குவோர் பலர் இருக்கும் இடத்தையே தேடுவர், எனவே அது பாதுகாப்பு அன்று, புறக்கணிப்பு. முதற்கூற்று இயங்குதளத்தின் கட்டமைப்பை முழுக் காரணமாக்குகிறது. இரண்டாவது எண்ணிக்கையை முழுக் காரணமாக்குகிறது. கேரளப் பள்ளிகளின் வரலாற்றை அருகிருந்து பார்த்தால் இரண்டும் பாதி உண்மைகளாகவே எஞ்சுகின்றன. அங்கே கணினிகளைக் காத்தவற்றில் பெரும்பகுதி, வைரஸை மனத்திற்கொண்டு எடுக்கப்படாத முடிவுகளின் விளைவு.

கட்டமைப்பு வாதத்தின் வேர் 1960களில் உள்ளது. அன்று கணினி ஓர் அறையை நிறைக்கும் பொருள். அதன் நேரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒரே எந்திரத்தில் ஒருவரது ஆய்வுத்தரவும் மற்றொருவரது சம்பளக் கணக்கும் அருகருகே கிடந்தன. அண்டை வீட்டார் மீதான அச்சமே அங்கே காப்பு முறைகளைப் பிறப்பித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் பங்கேற்ற மல்டிக்ஸ் திட்டம் இந்த அச்சத்தை விரிவான கோட்பாடாகவே வளர்த்தெடுத்தது. அத்திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் விலகிய 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், அதன் எளிய வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர். படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள். அமைப்பின் அடித்தளக் கோப்புகளை மாற்றும் அதிகாரம் 'ரூட்' எனப்படும் தனிப் பயனருக்கு மட்டும். பிற்காலத்தில் லினக்ஸும் ஆப்பிளின் மேக் இயங்குதளமும் இந்த அமைப்பையே மரபுரிமையாகப் பெற்றன.

1981இல் ஐபிஎம் தனிநபர் கணினியுடன் வந்த டாஸ் இயங்குதளத்திற்கு அண்டை வீட்டாரே இல்லை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மனிதர். யாரிடமிருந்து யாரைக் காப்பது? எனவே இயங்கும் எந்த நிரலும் வட்டின் எந்தப் பகுதியிலும் எழுதலாம் என்ற நிலை இயல்பானதாகக் கொள்ளப்பட்டது. இதை அறியாமை என்று இகழ்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. அன்றைய தேவைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் தனித்திருந்த அக்கணினிகளுக்கு இடையே நெகிழ்வட்டுகள் கைமாறின. 1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்', நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் தன்னை எழுதிக்கொண்டு பரவியது. தங்கள் மருத்துவ மென்பொருளைக் களவாக நகலெடுப்போரைக் கண்டறியவே அதைச் செய்ததாக அவர்கள் கூறினர். அதனுள் தம் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைத்திருந்தது அக்கூற்றுக்கு ஓரளவு வலுச்சேர்க்கிறது. ஐபிஎம் தனிநபர் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் தெற்காசியாவில் பிறந்தது என்பதும், அதன் தோற்றுவாயாகச் சொல்லப்படுவது மென்பொருளின் களவு நகல் என்பதும் பின்னால் வரும் செய்திகளோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

இதுவரை கட்டமைப்பு வாதத்திற்கே வெற்றி போலத் தோன்றும். ஆனால் 'கணினி வைரஸ்' என்ற சொல் ஆய்வுலகில் நிலைபெறக் காரணமான சோதனை நடந்தது யூனிக்ஸில்தான். 1983 நவம்பரில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் கோஹன், வாக்ஸ் 11/750 கணினியில் இயங்கிய யூனிக்ஸில் தம் சோதனையை நடத்தினார். கோப்புகளின் அமைப்பைப் படமாகக் காட்டும் ஒரு பயனுள்ள நிரலுக்குள் வைரஸைப் பொதிந்து, அந்நிரலைப் பொது அறிவிப்பாக வெளியிட்டார். ஐந்து முறை சோதித்தார். ஐந்திலும் ஒரு மணிநேரத்திற்குள் அமைப்பின் முழு அதிகாரமும் வைரஸுக்குக் கிடைத்தது. ஒரு முறை ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. அனுமதிப் பூட்டு எதையும் அவர் உடைக்கவில்லை. அதிகாரம் உடைய ஒருவர் தாமாகவே அந்நிரலை இயக்கினார்; அவருடைய அதிகாரம் நிரலுக்கும் கிடைத்தது. முடிவைக் கண்ட நிர்வாகிகள் மேற்கொண்டு சோதனை நடத்த அனுமதி மறுத்தனர். நோயைச் சொன்னவரை வெளியேற்றும் வழக்கம் மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று போலும்.

ஐந்தாண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று, ராபர்ட் மாரிஸ் வெளிவிட்ட புழு, அன்றைய இணையத்தின் கணினிகளில் ஏறத்தாழ 6,000ஐ முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அவையும் யூனிக்ஸ் கணினிகளே. ஆக, அனுமதிப் பகுப்பு இருப்பதால் மட்டும் ஓர் இயங்குதளம் வைரஸுக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

மறுபக்கத்தில், விண்டோஸில் அப்பகுப்பு இல்லை என்பதும் பிழை. 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டியின் அனுமதி முறை யூனிக்ஸைவிட நுணுக்கமானது. இன்னாருக்கு இன்னது என்று பட்டியலிட்டு வரையறுக்கும் வசதி அதில் உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி அந்த மரபில் வந்ததே. எனினும் எக்ஸ்பியை நிறுவும்போது உருவாகும் முதற்பயனர் கணக்கு நிர்வாகியின் கணக்காக இருந்தது. டாஸ் காலத்திலிருந்து வந்த மென்பொருள்கள் எங்கும் எழுதும் உரிமையை எதிர்பார்த்தன. அவை இயங்காமற்போனால் வாங்கியவர் குறைகூறுவது விண்டோஸைத்தான். எனவே பூட்டு பொருத்தப்பட்டது. சாவி அதன் மேலேயே தொங்கவிடப்பட்டது. பயனரும் நிர்வாகியும் வேறு என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதிசெய்யும் முறை, 2006ஆம் ஆண்டின் இறுதியில் விஸ்டாவுடன்தான் வந்தது. அக்கேள்விகளைப் பயனர்கள் எவ்வளவு வெறுத்தனர் என்பதற்கு அக்காலக் கணினி இதழ்களே சான்று. இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வந்த உபுண்டு, ரூட் கணக்கில் நேரடியாக நுழையும் வழியையே அடைத்துவிட்டிருந்தது. இரு நிறுவனங்களும் ஒரே கோட்பாட்டை அறிந்தே இருந்தன. எதை இயல்நிலையாக வைப்பது என்பதில் வேறுபட்டன. விண்டோஸின் பக்கம் இருபதாண்டுப் பழைய வாடிக்கையாளர்கள் இருந்தனர். உபுண்டுவுக்கு அந்தச் சுமை இல்லை.

2000களின் நடுப்பகுதியில் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ கணினியைத் தொட்ட எவரும் வைரஸை முதலில் சந்தித்த இடம் இணையமன்று, பென் டிரைவ். தட்டச்சுக் கடை, உலாவல் மையம், கல்லூரி ஆய்வகம், துறை அலுவலகம் என ஒரே பென் டிரைவ் ஒரே நாளில் நான்கு கணினிகளில் செருகப்பட்டது. இரண்டு வசதிகள் இந்தப் பரவலுக்கு வழிவிட்டன. முதலாவது, வட்டைச் செருகியவுடன் அதிலுள்ள 'ஆட்டோரன்' கோப்பு சொல்வதைச் செய்ய முன்வரும் விண்டோஸின் பழக்கம். குறுந்தகடுகளுக்காக உருவான அந்த உபசாரத்தை, 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் போன்றவை பென் டிரைவில் பயன்படுத்திக்கொண்டன. எக்ஸ்பியில் அது தானியங்கிப் புதுப்பிப்பின் வழியே பரவலாக அடைக்கப்பட்டது 2011இல்தான்.

இரண்டாவது வசதி மொழியியல் மாணவர்களுக்கு ஆர்வமூட்டக்கூடியது. விண்டோஸில் ஒரு கோப்பு எத்தகையது என்பதை அதன் பெயரின் விகுதி தீர்மானிக்கிறது. 'டாக்' என்று முடிந்தால் ஆவணம், 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் நிரல். ஒரு சொல்லின் இலக்கண வகையை அதன் விகுதியே முழுதாகத் தீர்மானிக்கும் ஒரு மொழியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அம்மொழியில் விகுதியை மறைத்துவிட்டுப் பகுதியை மட்டும் எழுதினால் என்னாகும்? விண்டோஸ் அதைத்தான் செய்தது: பயனரின் கண்ணுக்கு இடையூறு என்று கருதி, அறிந்த வகைக் கோப்புகளின் விகுதிகளை இயல்பாகவே மறைத்தது. 2000 மே மாதத்தில் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சலின் இணைப்பு, வெறும் உரைக்கோப்புக்குரிய 'டிஎக்ஸ்டி' விகுதியைப் பெயரின் நடுவில் தாங்கி, நிரலுக்குரிய 'விபிஎஸ்' என்ற உண்மையான விகுதியை இறுதியில் வைத்திருந்தது. இறுதி மறைந்துபோக, நடுவிலிருந்ததே விகுதியாகக் காட்சியளித்தது. நம்மூர்ப் பென் டிரைவ்களில் இதன் எளிய வடிவம் உலவியது: 'நியூ ஃபோல்டர்' என்ற பெயர், கோப்புறையின் மஞ்சள் நிறப் படம், மறைக்கப்பட்ட 'இஎக்ஸ்இ'. கோப்புறையைத் திறப்பதாக எண்ணி இருமுறை சொடுக்கியவர் நிரலை இயக்கினார்.

யூனிக்ஸ் மரபில் பெயருக்கு இந்த அதிகாரம் இல்லை. ஒரு கோப்பு இயங்கலாமா என்பது பெயரில் எழுதப்படுவதன்று. தனியே கொடுக்கப்படும் அனுமதி. இணையத்திலிருந்து இறங்கும் கோப்பு அவ்வனுமதி இல்லாமலே வந்து சேர்கிறது. பயனர் அதை வலிந்து அளிக்க வேண்டும். ஏமாறுவோர் இங்கும் ஏமாறலாம். ஆயினும் தவறுதலாக ஒரு சொடுக்கில் நிகழ்வதற்கும், அனுமதி கொடுத்துப் பின் இயக்குவதற்கும் நடுவே உள்ள அந்த ஒரு படி, பரவலின் வேகத்தை வெகுவாகக் குறைக்கிறது. தொற்று நோயைப் போலவே, ஒருவரிடமிருந்து சராசரியாக ஒருவருக்கும் குறைவாகப் பரவும் வைரஸ் தானாகவே மடிந்துபோகிறது.

பள்ளிகளைப் பொறுத்தவரை இவற்றைவிடச் சாதாரணமான ஒரு காரணமும் உண்டு. கட்டமைப்பு வாதிகள் அதைச் சொல்லத் தயங்குவர். விண்டோஸுக்கென எழுதப்பட்ட நிரல் லினக்ஸில் இயங்காது. மாணவரின் பென் டிரைவில் ஐந்து வைரஸ்கள் இருந்தாலும் அங்கே அவை பொருளற்ற கோப்புகள். லினக்ஸுக்கு யாராவது அப்படி எழுதியிருந்தால்? 1996இல் 'ஸ்டேயாக்', 1997இல் 'பிளிஸ்' என எழுதித்தான் பார்த்தனர், அவை பரவவில்லை. அடுத்தடுத்து நோய் ஏற்கும் கணினிகள் இல்லாத இடத்தில் பென் டிரைவ் பயணம் செய்து பயனில்லை. எண்ணிக்கை வாதத்தின் பாதி உண்மை இங்கே இருக்கிறது.

இப்பள்ளிகளுக்கு லினக்ஸ் வந்த கதையில் வைரஸுக்கு ஏறத்தாழ இடமே இல்லை. 2001 ஜூலை 20 அன்று திருவனந்தபுரத்தில், ரிச்சர்ட் ஸ்டால்மனின் பங்கேற்புடன், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி ஐடி அட் ஸ்கூல் உருவானது. தொடக்கத்தில் பாடமும் பயிற்சியும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களைச் சார்ந்தே இருந்தன. ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளை அரசுப் பாடத்திட்டமாக்குவதா என்ற எதிர்ப்பு, ஆசிரியர் அமைப்புகளிடமிருந்தும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினரிடமிருந்தும் எழுந்தது. பொதுக்கல்வி பற்றிய அரசியல் விவாதமாகவே அது நடந்தது. உரிமக் கட்டணம் அதன் மற்றொரு முனை. மூன்றாவது முனை மலையாளம். பழைய எழுத்துமுறையின் கூட்டெழுத்துகளைத் திரையில் மீட்க வேண்டும் என்ற ரசனா இயக்கத்தினரின் முயற்சியும் மலையாளக் கணிமைக் குழுக்களின் பணியும், எழுத்துருவையும் மென்பொருளையும் தாமே திருத்தும் உரிமை இருந்தாலன்றி நிறைவேறாதவை. 2006 ஆகஸ்டில் ஸ்டால்மன் மீண்டும் திருவனந்தபுரம் வந்து முதலமைச்சர் வி.எஸ். அச்சுதானந்தனைச் சந்தித்தபோது வெளிநாட்டு இதழ்கள் இதை மைக்ரோசாஃப்டுக்கு எதிரான இடதுசாரி அரசின் போர் என்று எழுதின. உள்ளே நடந்துகொண்டிருந்தது அத்தனை நாடகத்தன்மை உடையதன்று. படிப்படியான இடமாற்றம் அது. முதலில் டெபியனைத் தழுவியும், பின்னர் உபுண்டுவைத் தழுவியும், பாடநூல்களுக்கு ஏற்பத் தொகுக்கப்பட்ட ஒரு லினக்ஸ் பதிப்பு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உயர்நிலைப் பள்ளிகளின் கணினிப் பாடம் லினக்ஸுக்கு மாறியிருந்தது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. மலையாளத்தில் இது 'ஸ்வதந்த்ர' மென்பொருள். தன்னாட்சி என்ற பொருளை முன்னிறுத்தும் சொல். தமிழில் 'கட்டற்ற' மென்பொருள், தளையின்மையை முன்னிறுத்துவது. இரண்டும் உரிமத்தைப் பற்றிய நல்ல பெயர்கள். ஆனால் வைரஸ் விஷயத்தில் இம்மென்பொருளின் வலிமை, பயனர் மீது அது போடும் கட்டில் இருக்கிறது. மூலநிரலை யாரும் திருத்தலாம் என்று உரிமம் சொல்கிறது. கடவுச்சொல் இன்றி இந்தக் கோப்பை நீ தொடக்கூடாது என்று இயங்குதளம் சொல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, 'திறந்த மூலநிரல் என்பதால் பாதுகாப்பானது' என்று எழுதுவோர் இரண்டு வெவ்வேறு வரலாறுகளைக் குழப்புகின்றனர்.

அரசியல் காரணங்களால் எடுக்கப்பட்ட முடிவிலிருந்து நிர்வாக ஒழுங்கு ஒன்று பிறந்தது. உரிமக் கட்டணம் இல்லாததால் களவு நகலுக்கு அவசியமே இல்லாமற்போயிற்று. அக்காலத்தில் தெருமுனையில் கிடைத்த விண்டோஸ் குறுந்தகட்டில் என்னென்ன உள்ளன என்பதை விற்றவரும் அறியார். வாங்கியவரோ, நகல் என்று கண்டுபிடிக்கப்படுவோம் என அஞ்சி, புதுப்பிப்பு வசதியை அணைத்துவைப்பார். பென் டிரைவ் வைரஸ்களுக்கு அதைவிட நல்ல விளைநிலம் இல்லை. லினக்ஸ் பதிப்பில் தேவையான மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே தொகுப்பில் வந்தன. கூடுதலாக வேண்டியவை, மின்கையொப்பம் சரிபார்க்கப்படும் களஞ்சியங்களில் கிடைத்தன. 'இலவசமாக இறக்கலாம்' என்ற ஏதோ ஒரு பக்கத்தை நாடும் தேவை குறைந்தது. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர். இயங்குதளத்தை நிறுவவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர் எட்டும் தொலைவில் இருந்தார். ஊராட்சி அலுவலக ஊழியருக்கு அந்த வாய்ப்பு அரிது; கணினி பழுதானால் அவர் ஒப்பந்தக்காரரை அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஐடி அட் ஸ்கூலின் வாரிசாக 2017 ஆகஸ்டில் 'கைட்' நிறுவனம் அமைந்தது. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளில் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அது கூறியது. வகுத்துப் பார்த்தால் கணினி ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். கல்வி நிலையங்களுக்கு வழங்கப்படும் தள்ளுபடிகளை எண்ணும்போது இத்தொகையைச் சற்று ஐயத்துடன் அணுகுவதே நல்லது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் மதிப்போ அந்தக் கணக்கில் எந்த வரியிலும் வருவதற்கில்லை. தமிழ்நாட்டுடன் ஒப்பிட்டால் இது புலப்படும். சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சேர்த்தே மாணவர் கைக்கு வந்தது. பாடநூலும் தேர்வும் ஆசிரியர் பயிற்சியும் அதைச் சுற்றி அமையவில்லை; வட்டின் ஒரு பகுதியில் அது திறக்கப்படாமலே கிடந்த மடிக்கணினிகள் ஏராளம்.

மீண்டும் 2017 மே மாதம். வானாக்ரை பரவுவதற்கு யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி என்ற நெறிமுறையை விண்டோஸ் கையாண்ட முறையில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அறிந்து பயன்படுத்தியதாகக் கருதப்படும் அந்த ஓட்டைக்கான கருவி ஏப்ரலில் பொதுவெளியில் கசிந்தது. மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் திருத்தத்தை மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. தாக்கப்பட்டவை, இடைப்பட்ட இரண்டு மாதங்களில் அத்திருத்தத்தைப் பெறாத கணினிகள். ஊராட்சிகளில் நேர்ந்தது இதுவே.

பள்ளிகள் தப்பியதைச் சான்றாகக் காட்டுவோர் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு: அந்த வாரம் கேரளப் பள்ளிகள் கோடை விடுமுறையில் இருந்தன. பெரும்பாலான கணினிகள் அணைந்திருந்தன. இயங்கியிருந்தாலும் வானாக்ரை அவற்றில் ஏறியிராது; எனினும் 'தாக்குதலை எதிர்கொண்டு நின்றன' என்று சொல்ல இது போதிய சான்றன்று. அடுத்து நடந்தவை அந்தப் பெருமிதத்தை மேலும் அடக்கியிருக்க வேண்டும். மே 24 அன்று, அதே எஸ்எம்பி நெறிமுறையை லினக்ஸில் கையாளும் சாம்பா மென்பொருளில், 2010இலிருந்தே இருந்துவந்த ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. ஜூன் மாதத்தில் தென்கொரியாவின் நயானா என்ற இணைய வழங்கி நிறுவனத்தின் 153 லினக்ஸ் வழங்கிகளை 'எரேபஸ்' என்ற தீநிரல் பூட்டியது. நிறுவனம் ஏறத்தாழப் பத்து இலட்சம் டாலர் செலுத்தி மீண்டது. அதன் வழங்கிகளில் 2008ஆம் ஆண்டின் லினக்ஸ் கெர்னல் இயங்கிக்கொண்டிருந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டனர். தரியோட்டிலும் சியோலிலும் இயங்குதளங்கள் வேறு. தவறிய புதுப்பிப்பு ஒன்றே.

எண்ணிக்கை வாதத்தின் மறுபாதியும் இங்கே சரிகிறது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. இணைய வழங்கிகளிலும் அதுவே மிகுதி. தாக்குவோர் அதைப் புறக்கணிக்கவில்லை. அங்கே வேறு வாயிலால் நுழைகின்றனர். 2016இல் 'மிராய்', கண்காணிப்புக் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் இருந்த லினக்ஸுக்குள் நுழைந்தது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர் மாற்றவில்லை. சில பத்து சொற்களைக் கொண்ட பட்டியலே அதற்குப் போதுமானதாக இருந்தது. கைபேசிகளின் ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலின் மேல் நிற்பதுதான். அங்கே தீநிரல்களுக்குக் குறைவில்லை.

இவற்றைவிட அடிப்படையான சிக்கல், 1960களின் அந்த அண்டை வீட்டார் கோட்பாட்டிலேயே உள்ளது. ஒரு பயனரிடமிருந்து மற்றொருவரையும், அனைவரிடமிருந்தும் அமைப்பையும் அது காக்கிறது. ஒரு பயனரை அவர் பெயரில் இயங்கும் நிரலிடமிருந்து அது காப்பதில்லை. பணயம் கேட்கும் தீநிரலுக்கு ரூட் அதிகாரம் தேவையில்லை. பயனரின் கோப்புகளில் எழுதும் உரிமை போதும், அது பயனருக்கு எப்போதும் உண்டு. ஆய்வு மாணவர் ஒருவரது நான்காண்டுத் தரவுகளும் இயல்களும் அவருடைய சொந்தக் கோப்புறையில்தான் இருக்கின்றன. இயங்குதளத்தை இரண்டு மணிநேரத்தில் மீண்டும் நிறுவிவிடலாம். யூனிக்ஸ் மரபு பூட்டிக் காப்பது அதைத்தான். ஈடுசெய்ய இயலாதது பூட்டுக்கு வெளியே கிடக்கிறது. தனி வட்டில் ஒரு படி எடுத்துக் கணினியிலிருந்து பிரித்து வைத்திருப்பவருக்கு மட்டும், எந்த இயங்குதளமானாலும் இழப்பு குறைவு.

கேரளத்தின் ஒரே பதிப்பு என்ற ஒழுங்கிலும் இடர் உண்டு. இலட்சக்கணக்கான கணினிகளில் ஒரே தொகுப்பு இருக்குமானால் அதன் ஊற்றில் கலக்கும் நஞ்சு அனைத்துக்கும் சென்று சேரும். இது வெறும் கற்பனையன்று. 2024 மார்ச்சில், லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் இடம்பெறும் 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கு மென்பொருளின் புதிய வெளியீடுகளில், களஞ்சியத்தின் பராமரிப்பாளராகவே நம்பிக்கை பெற்றிருந்த ஒருவர் பின்கதவு ஒன்றைப் பொதிந்திருந்தது தெரியவந்தது. மின்கையொப்பம் சரியாகவே இருந்தது, கையொப்பமிட்டவர்தான் சரியில்லை. அவ்வெளியீடுகள் டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளை எட்டியிருந்தன. பழைய, நிலைத்த வெளியீடான உபுண்டு 22.04ஐ அவை எட்டவில்லை. அதைத் தழுவிய பதிப்புகளும் தப்பின. 2017இல் புதுப்பிக்கத் தாமதித்தவர் அடிபட்டார். 2024இல் தாமதித்தவர் தப்பினார். பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, காரணம் தேடிச் சென்றவர். அவர் பணியாற்றியது மைக்ரோசாஃப்டில்.